நான்காம் அச்சும் பிழையின் உருவமும்

(இளம் அறிவியல் இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன்)

முன்னுரை

இயற்பியல் ஆய்வகத்தில் காலடி வைக்கும் முதலாண்டு மாணவன் முதன்முதலில் கற்பது பிழையைப் பற்றித்தான். திருகு அளவியைக் கையில் கொடுக்கும் ஆசிரியர், கம்பியின் விட்டத்தைக் கேட்பதற்கு முன்பே சுழிப் பிழையைக் கேட்கிறார். நகரும் நுண்ணோக்கியின் திருகை ஒரே திசையில் திருகச் சொல்கிறார். திசை மாற்றினால் பின்னடைவுப் பிழை வரும் என்று எச்சரிக்கிறார். நாமும் அதைக் குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கி, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறோம். நானும் அவ்வாறு மறந்தவனே. என் தாய்மாமாவின் கடைசல் பட்டறையில் இரண்டு தேக்கங்கால்கள் பாழான பிறகுதான் அந்தப் பாடம் மீண்டும் நினைவுக்கு வந்தது. அந்த அனுபவத்தைக் கொண்டு, கணினி வழி இயங்கும் சிறு மரவேலை இயந்திரத்தின் நான்காம் அச்சில் பிழை காணும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான்காம் அச்சு என்பது யாது?

எண்களால் ஆணையிடப்பட்டு இயங்கும் மில்லிங் இயந்திரம் 1952-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் முதன்முதலாக இயக்கிக் காட்டப்பட்டது. துளையிட்ட நாடாவே அன்று அதற்கு ஆணை கொடுத்தது. பெரிய ஆலைகளுக்கே உரியதாக இருந்த அந்தக் கலை, இன்று சி.என்.சி. என்ற பெயரில் வீட்டுத் திண்ணை வரை வந்துவிட்டது. அலுமினியச் சட்டம், மரம் குடையும் ரவுட்டர், ஸ்டெப்பர் மோட்டார்கள், கைக்கு அடக்கமான கட்டுப்பாட்டுப் பலகை ஆகியன இருந்தால் போதும். ஆர்வமுள்ளவர் தாமே ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம்.

இத்தகைய இயந்திரத்திற்கு வழக்கமாக மூன்று அச்சுகள் உண்டு. நீளவாக்கில் செல்வது எக்ஸ். அகலவாக்கில் செல்வது ஒய். மேலும் கீழும் செல்வது இசட். எக்ஸ் அச்சுக்கு இணையாக ஒரு மரத்துண்டைப் பிடித்து, அதைத் தன்னைத்தானே சுற்றச் செய்யும் அமைப்பே நான்காம் அச்சு. அதனை ஏ அச்சு என்பர். சாதாரணக் கடைசல் இயந்திரத்தில் மரம் விரைந்து சுழலும். உளி அசையாது நிற்கும். இங்கோ வெட்டும் கருவியே விரைந்து சுழல, மரம் ஆணையிட்ட பாகை அளவுக்கு மட்டும் மெல்லத் திரும்புகிறது. முறுக்குக் கால், திருகுப் பள்ளம், உருளையைச் சுற்றிய பூவேலை முதலியவற்றை இதனால் எளிதாகச் செய்யலாம்.

மாமா தம் பட்டறையில் இதைத் தாமே அமைத்தார். மோட்டாரின் தண்டில் 10 பற்கள் கொண்ட சிறிய புல்லி. சக்கின் தண்டில் 60 பற்கள் கொண்ட பெரிய புல்லி. இரண்டையும் இணைக்கும் பல் பெல்ட். எனவே மோட்டார் ஆறு சுற்று சுற்றினால் சக் ஒரு சுற்று சுற்றும். சக்கின் விட்டம் 100 மி.மீ. மரத்தின் மறுமுனையைத் தாங்க ஒரு டெயில்ஸ்டாக்.

நேர்ந்தது

ஒருவர் தம் பாட்டனார் வீட்டைப் பிரித்தபோது கிடைத்த தேக்கு உத்தரத்தைக் கொண்டுவந்து, மாடிப்படிக் கைப்பிடிக்கு 12 முறுக்குக் கால்கள் வேண்டும் என்றார். அறுத்துப் பார்த்ததில் 14 கால்களுக்கே மரம் தேறியது. ஒவ்வொன்றும் 50 மி.மீ. விட்டம். ஒவ்வொன்றிலும் நான்கு முறுக்குப் பள்ளங்கள். ஒரு பள்ளத்தை ஒரே மூச்சில் வெட்டினால் கருவி முறியும் என்பதால், மும்முறை சிறிது சிறிதாக ஆழப்படுத்த வேண்டும்.

முதல் காலில் மூன்றாம் முறை வெட்டும்போது கருவி பழைய பள்ளத்தில் இறங்காமல் பக்கச் சுவரைக் கடித்துவிட்டது. "அரை நூல் தள்ளிடுச்சு, மாப்ளே. மோட்டாருக்குப் பலம் பத்தல" என்றார் மாமா. தச்சர் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அரை நூல் ஏறத்தாழ 1.6 மி.மீ. மோட்டாருக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கூட்டி இரண்டாம் காலை ஏற்றினோம். மோட்டாரும் அதற்கு மின்னோட்டம் வழங்கும் டிரைவரும் தொட முடியாதபடி சூடேறின; பள்ளம் முன்னிலும் அதிகமாக விலகியது. இரண்டு கால்கள் போயின. மீதி 12, வேண்டியதும் 12. இனி ஒன்று பாழானாலும் அந்த மரத்துக்கு மாற்று கிடையாது. மாமா இயந்திரத்தை நிறுத்திவிட்டார்.

முதற் கணக்கு

அன்றிரவு நான் கேட்ட முதற் கேள்வி: சக் ஒரு பாகை திரும்ப மோட்டாருக்கு எத்தனை துடிப்புகள் அனுப்ப வேண்டும்?

ஸ்டெப்பர் மோட்டார் ஒரு முழுப்படிக்கு 1.8 பாகை திரும்பும். எனவே ஒரு சுற்றுக்கு 200 படிகள். ஒவ்வொரு படியையும் டிரைவர் 16 நுண்படிகளாகப் பிரிக்கிறது, ஆக 3,200. சக் ஒரு சுற்றுக்கு மோட்டார் ஆறு சுற்று, ஆக 19,200. இதனை 360-ஆல் வகுத்தால் 53.333... என்று முடிவின்றிச் செல்லும். கட்டுப்பாட்டுப் பலகையில் மாமா எழுதியிருந்தது 53.33.

இந்த வேறுபாட்டால் என்ன ஆகும் என்பதை அளந்து பார்க்க ஒரு வழி கண்டோம். நான்காம் அச்சை மட்டும் கழற்றி, சக் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு மேசை விளிம்பில் இறுக்கினோம். சக்கில் ஒரு கட்டையைப் பிடித்து, அதன் முகத்தில் மெல்லிய மூங்கில் பிளாச்சு ஒன்றை ஆணியடித்தோம். அச்சின் மையத்திலிருந்து பிளாச்சின் நுனி வரை 57.3 செ.மீ. ஓர் ஆரையன் 57.3 பாகைக்குச் சமம் என்பதை நாம் அறிவோம். ஆகவே சக் ஒரு பாகை திரும்பினால் பிளாச்சின் நுனி சரியாக ஒரு செ.மீ. நகரும். நுனிக்குப் பின்னால் ஒரு வரைபடத்தாளை நிறுத்தினால் பாகையில் நூறில் சில பங்கைக்கூட வெறுங்கண்ணால் படிக்கலாம்.

ஒரே திசையில் 20 சுற்றுகள், அதாவது 7,200 பாகை, மெதுவாகச் சுற்ற ஆணையிட்டோம். நுனி தொடங்கிய இடத்துக்கு 4.5 மி.மீ. முன்பாகவே நின்றது. கணக்கும் அதையே சொல்லிற்று: வேண்டிய துடிப்புகள் 3,84,000, 53.33 என்ற எண்ணால் சென்றவை 3,83,976. குறைந்தவை 24, அது 0.45 பாகை. எண்ணை 53.33333 என்று திருத்தினோம். நுனி பழைய இடத்திலேயே வந்து நின்றது.

பிழை அகப்பட்டது என்று துள்ளினோம். மாமா உடனே தேக்கை எடுத்தார். எனக்குத் துணிவில்லை. "முதல்ல தைல மரத்துல ஒண்ணு பாத்துடலாம், மாமா" என்றேன். பார்த்தோம். மூன்றாம் முறையில் பள்ளம் மறுபடியும் விலகியது.

ஒரு பிழையைக் கண்டோம் என்பதற்காக நம் பிழையைக் கண்டுவிட்டோம் என்று ஆகாது. சற்று நிதானித்திருந்தால் இது முன்பே விளங்கியிருக்கும். முறுக்குப் பள்ளம் வெட்டும்போது சக் முன்னே சென்று, அதே அளவு பின்னே திரும்புகிறது. எண் தவறாக இருந்தாலும் போன தூரமே திரும்பும் தூரம். எனவே தொடக்க இடம் மாறாது. கணக்குப் பிழை ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருக்கும் வேலைகளைத்தான் கெடுக்கும். எங்கள் வேலையைக் கெடுத்தது வேறொன்று.

பிழையின் உருவங்கள்

அப்போதுதான் ஆய்வகப் பாடம் நினைவுக்கு வந்தது. முறையான பிழை வேறு, ஒழுங்கற்ற பிழை வேறு என்று படித்தோம் அல்லவா? பிழை எவ்வளவு என்பதோடு, அது எப்போது தோன்றுகிறது, எதனோடு வளர்கிறது என்றும் கேட்டால், அதன் காரணம் பெரும்பாலும் தானே வெளிப்படும். நான்காம் அச்சின் பிழைகளை அவ்வாறு பின்வருமாறு வகுக்கலாம்.

1. சுற்றுகளின் எண்ணிக்கையோடு வளரும் பிழை: இது கணக்குப் பிழை. புல்லிப் பற்களின் விகிதத்தையும், நுண்படி எண்ணையும், தசமப் புள்ளிக்குப் பின் எழுதிய இலக்கங்களையும் சரிபார்க்க வேண்டும்.

2. திசை மாறும்போது மட்டும் தோன்றி, வளராமல் நிற்கும் பிழை: இது பட்டறையில் "பிளே" என்று சொல்லப்படுவது, நம் பின்னடைவுப் பிழையே. பெல்ட் தளர்ச்சியாலோ பற்சக்கரங்களின் இடைவெளியாலோ வரும். ஒரே இடத்துக்கு இரு திசைகளிலிருந்தும் வந்து, நுனி நிற்கும் இரண்டு புள்ளிகளின் வேறுபாட்டை அளந்தால் தெரியும்.

3. திசை மாறும் தடவைகளோடு வளரும் பிழை: திசையைக் குறிக்கும் மின்குறிப்பு நிலைபெறுவதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிட்டால் ஒரு நுண்படி தவறும். ஒரு போய்வரவுக்கு ஒரு நுண்படி தவறினாலும் 200 போய்வரவில் 3.75 பாகை ஆகிவிடும். துடிப்பின் நேர அமைப்பையும், அதன் ஏற்ற இறக்க முறையையும் பலகையில் மாற்றுவது இதற்கு மருந்து.

4. ஒரு குறிப்பிட்ட அளவின் மடங்காகவே வரும் பிழை: இது மோட்டார் படி தவறுவதன் அடையாளம். மோட்டாரின் இரு சுருள்களில் மின்னோட்டம் பாயும் ஒழுங்கு, நான்கு முழுப்படிகளுக்கு ஒருமுறை மீள்கிறது. பிடி நழுவிய சுழலி, அதே ஒழுங்குள்ள அடுத்த இடத்தில்தான் மீண்டும் பிடிபடும். நான்கு படி என்பது மோட்டாரில் 7.2 பாகை, எங்கள் சக்கில் அதன் ஆறில் ஒரு பங்கான 1.2 பாகை. எனவே 1.2, 2.4, 3.6 என்று வந்தால் மோட்டாரைப் பார்க்க வேண்டும். பெல்ட் ஒரு பல் தாண்டினாலோ சக்கில் 6 பாகை விலகும். அதுவும் 1.2-இன் மடங்கே ஆதலால், இரு புல்லிகளிலும் பெல்ட்டிலும் முன்பே சுண்ணக்கட்டியால் கோடிட்டு வைத்து வேறுபடுத்த வேண்டும்.

5. எந்தக் கணக்குக்கும் அடங்காத பிழை: எங்கோ ஒன்று வழுக்குகிறது. புல்லியைத் தண்டில் பிடிக்கும் கிரப் ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். அல்லது சக்கின் தாடைகளில் மரம் நழுவும். தண்டில் சிறிது தட்டையாக அரம் போட்டு, ஸ்க்ரூவை அதன்மேல் இறுக்குவது நல்லது. மரத்துக்கும் தாடைக்கும் சேர்த்து ஒரு பென்சில் கோடு போட்டு வைத்தால் நழுவியதா என்பது தெரிந்துவிடும்.

6. ஒவ்வொரு சுற்றிலும் வந்து மறையும் பிழை: மையம் தவறியிருக்கிறது. இதனைப் பின்னர்க் காண்போம்.

எங்கள் பிழை எது?

மேசை விளிம்பிலேயே இரண்டாம் சோதனையைச் செய்தோம். பிளே 0.2 பாகை இருந்தது. 50 மி.மீ. மரத்தின் மேற்பரப்பில் அது 0.1 மி.மீ.கூட வராது, அரை நூல் விலகலுக்கு அது காரணமாகாது. பத்துப் பாகை முன்னும் பின்னுமாக 200 முறை ஓட்டினோம், நுனி நகரவில்லை. ஆகவே மூன்றாவதும் நீங்கியது.

பிறகு நான்காம் அச்சை இயந்திரத்தில் பொருத்தி, சக்கைச் சுற்றி மி.மீ. அளவு குறித்த காகிதப் பட்டை ஒன்றை ஒட்டினோம். சக்கின் சுற்றளவு 314 மி.மீ. ஆதலால் ஒரு பாகை 0.87 மி.மீ. ஒவ்வொரு பள்ளம் முடிந்து சக் தொடக்க இடத்துக்குத் திரும்பும்போதும் நிறுத்திப் படித்தோம். தொடர்ந்து சில முறை மாற்றமில்லை. பிறகு ஒருமுறை 1 மி.மீ. விலகல், இன்னொரு முறை 3.1, மற்றொரு முறை 2.1. பாகையாக மாற்றினால் முறையே ஏறத்தாழ 1.2, 3.6, 2.4. பட்டியலின் நான்காம் உருவம் அப்படியே எதிரில் நின்றது. முதல் காலில் மாமா கண்ட அரை நூலும் 50 மி.மீ. மரத்தில் 3.6 பாகைதான்.

மோட்டார் படி தவறுகிறது என்பது உறுதியாயிற்று. ஏன் தவறுகிறது? மரத்தை எடுத்துவிட்டு, அதே நிரலை வெறுங்காற்றில் ஓட்டினோம். அப்போதும் தவறியது! எனவே குற்றம் மரத்தினுடையதோ கருவியினுடையதோ அன்று. நிரலைப் படித்துப் பார்த்ததில், பள்ளம் முடிந்ததும் எக்ஸ் தனியே திரும்பி, அதன்பின் ஏ அச்சு தனியே 720 பாகை திரும்புமாறு எழுதப்பட்டிருந்தது. இரண்டும் சேர்ந்து திரும்பினால் மெதுவானதின் வேகத்துக்கு மற்றது கட்டுப்படும். தனியே திரும்பியதால் ஏ அச்சு தன் உச்ச வேகத்தில் ஓடியது. பலகையில் அந்த உச்சம் நிமிடத்துக்கு 24,000 பாகை என்றிருந்தது. மேசை விளிம்பில் மெதுவாக ஓட்டிய சோதனைகளில் இந்தப் பிழை ஒளிந்துகொண்டதும் இதனால்தான்.

24,000 பாகை என்றால் சக் நிமிடத்துக்கு 66.7 சுற்று, மோட்டார் 400 சுற்று, வினாடிக்கு 1,333 முழுப்படிகள். ஒரு படிக்குக் கிடைக்கும் நேரம் 0.75 மில்லி வினாடி மட்டுமே. சுருளுக்குத் தன் மின்தூண்டல் உண்டு. மின்னோட்டம் அதில் உடனே நிறைந்துவிடாது, படிப்படியாகவே உயரும். அத்துடன் சுழலும் காந்தம் எதிர் மின்னியக்கு விசையையும் தோற்றுவிக்கிறது. விரைவு கூடக் கூட மின்னோட்டம் நிறைவதற்குள் அடுத்த படி வந்துவிடுகிறது. முறுக்கு விசை குறைகிறது. சுழலி பிடி நழுவுகிறது.

மின்னோட்டத்தைக் கூட்டியது ஏன் பயன்படவில்லை என்பதும் இப்போது விளங்கியது. மின்னோட்ட வரம்பை எவ்வளவு உயர்த்தினாலும், விரைவான ஓட்டத்தில் அந்த வரம்பை எட்டவே நேரமில்லை. மோட்டார் நிற்கும்போதும் மெல்ல ஓடும்போதும் வெப்பம்தான் மிகுந்தது. அளவுக்கு மீறிச் சூடான டிரைவர் தன்னைக் காத்துக்கொள்ள இடையிடையே ஓய்ந்தும் விடும். நோய்க்கு மாறான மருந்து நோயை வளர்த்தது போலாயிற்று.

வேகத்தை மட்டும் 9,000 பாகையாகக் குறைத்தோம், வேறெதையும் தொடவில்லை. ஒரு படிக்கு 2 மில்லி வினாடி கிடைத்தது. நாற்பது முறை போய்வந்தும் காகிதப் பட்டை ஒரு கோடும் விலகவில்லை. அதன் பிறகே மின்னோட்டத்தை மோட்டாருக்கு உரிய பழைய அளவுக்கு இறக்கினோம். மறுபடியும் ஓட்டிச் சரிபார்த்தோம்.

மையமும் வேகமும்

படி தவறாவிட்டாலும் மையம் தவறினால் வேலை கெடும். கருவியின் இசட் சுழி, சுழலும் அச்சின் மையத்திலேயே இருக்க வேண்டும். இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு கட்டையில் இசட் 10 மி.மீ. உயரத்தில் ஒரு தட்டை முகம் வெட்டி, 180 பாகை திருப்பி, மறுபுறமும் அவ்வாறே வெட்ட வேண்டும். கனம் 20 மி.மீ. இருந்தால் சுழி சரி. 20.30 இருந்தால் சுழி 0.15 மி.மீ. மேலே உள்ளது. திருப்பிப் பார்க்கும்போது பிழை இரட்டிப்பாகத் தெரிவதே இம்முறையின் சிறப்பு. சக்கில் நேரான எஃகுத் தண்டைப் பிடித்து, டயல் கேஜை எக்ஸ் வழியே ஓட்டினால் அச்சு இணையாக உள்ளதா என்பது புலப்படும். சக்கை மெல்லச் சுற்றினால் ஆறாம் உருவமான மைய விலகலும் முள்ளிலேயே தெரியும்.

வேகத்திலும் ஒரு மயக்கம் உண்டு. ஏ அச்சு மட்டும் திரும்பும்போது நிரலில் உள்ள வேக எண்ணைப் பலகை பாகையாகவே கொள்கிறது. 1,000 என்று எழுதினால் 50 மி.மீ. மரத்தின் மேற்பரப்பு நிமிடத்துக்கு 436 மி.மீ. மட்டுமே நகரும், கருவி ஒரே இடத்தில் தேய்த்து மரத்தைக் கருக்கும். 1,000 மி.மீ. வேண்டுமானால் ஏறத்தாழ 2,292 பாகை என்று எழுத வேண்டும். விட்டம் குறையக் குறைய இந்த எண்ணை உயர்த்த வேண்டும்.

மூன்று அச்சுகளுக்கே இடமுள்ள பலகைகளில், ஒய் அச்சின் இணைப்பை எடுத்துச் சுழலும் மோட்டாருக்குக் கொடுப்பவர் பலர். அங்கே கணக்கு மி.மீ.-இல் அமைவதால் விட்டம் மாறும்போதெல்லாம் எண்ணும் மாற வேண்டும். எங்கள் அமைப்பில் 50 மி.மீ. மரத்துக்கு ஒரு மி.மீ.-க்கு 122.23 துடிப்பு, 40 மி.மீ. மரத்துக்கு 152.79. மாற்ற மறந்து 40 மி.மீ. மரத்தை ஏற்றினால், முழுச் சுற்றுக்கு வரைந்த பூவேலை 288 பாகையிலேயே முடிந்து, மீதி மரம் வெறுமையாக நிற்கும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மின்சாரம் உள்ளபோது மோட்டாரின் இணைப்பைக் கழற்றக் கூடாது, டிரைவர் எரிந்துபோகும். மோட்டார் சுற்றாமல் நடுங்கினால் சுருள்களின் கம்பிகள் மாறியிருக்கலாம். மின்சாரத்தை நிறுத்தி, இணைப்பைக் கழற்றி, இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று தொடவைத்துத் தண்டைக் கையால் திருப்பிப் பாருங்கள். திருப்பக் கடினமாக இருந்தால் அவ்விரண்டும் ஒரே சுருளின் முனைகள்.

முடிவுரை

எஞ்சிய பன்னிரண்டு தேக்கங்கால்களும் குறையின்றி முடிந்தன. பாழான இரண்டையும் உரியவர் கேட்டு வாங்கிப் பூரிக்கட்டைகளாகக் கடைந்து தரச் சொன்னார். பாட்டனார் வீட்டு உத்தரம் சமையலறையிலும் இருக்கட்டும் என்றார். மாமா இப்போது எதையும் திருகுவதற்கு முன், "இது எதோட சேந்து வளருதுன்னு பாருடா மாப்ளே" என்கிறார்.

நண்பர்களே, இயந்திரம் பழுதானால் கை பரபரக்கிறது. ஒரே நேரத்தில் நான்கு இடத்தில் திருகுகிறோம். பிறகு சரியானாலும் எதனால் சரியாயிற்று என்று தெரிவதில்லை. கெட்டாலும் எதனால் கெட்டது என்று தெரிவதில்லை. முதலில் அளப்போம், பிழையின் உருவத்தைக் காண்போம், ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவோம், விலைமதிப்பற்ற மரத்தை ஏற்றுமுன் மலிவான மரத்தில் சோதிப்போம். ஆய்வகக் குறிப்பேட்டில் கையொப்பத்துக்காக எழுதிய பிழைப் பாடம், ஒரு கடைசல் பட்டறையில் பன்னிரண்டு தேக்கங்கால்களைக் காத்தது. அந்தப் பக்கத்தை இப்போது நான் மீண்டும் படித்து வருகிறேன்.